மலைப்பாதை: மழைக்கு முன் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம்–காரையார், மணிமுத்தாறு–மாஞ்சோலை பாதைகள் இரண்டும் 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. ஐப்பசி மழைக்குள் ரோட்டுக்கடியிலுள்ள குழாய்ப் பாலங்களில் அடைத்த மண், சருகு, பிளாஸ்டிக்கை அள்ளியாக வேண்டும். அடைத்திருந்தால் தண்ணீர் தார்மேல் ஏறிப் பள்ளத்துப் பக்க ஓரத்தை அரிக்கும். மேலே தார் முழுசாகத் தெரியும், அடியில் மண் இருக்காது. பஸ் சக்கரம் ஏறும்போதுதான் உடையும். முள்ளம்பன்றி, கீரி போன்றவை கடக்கவும் இந்தக் குழாய்கள் உதவும். அதனால் குழாய் வாயில் கம்பிவலை அடிக்கும்படி யாரிடமும் கேட்காதீர்கள். தடுப்புச்சுவரும் விட்டுவிட்டுத்தான் வேண்டும்; தொடர்ச்சியாக இருந்தால் மிளாக்குட்டி (கடமான் குட்டி) ரோட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள், வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவரப் பழகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடாகிப் பிடிக்காது. ஏறிவரும் பஸ்ஸுக்கு வழி விடுங்கள்.