பீருக்கு மலைத் தண்ணீர் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் இயங்கிய பீர் ஆலைகளைப் பற்றியும், இன்று வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோரைப் பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1857-இல் தொடங்கிய கேசில் புரூவரியும் நீலகிரி புரூவரியும், 1915-இல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளைச் சேர்த்து உருவாக்கிய யுனைடெட் புரூவரீசுக்குள் அடங்கிப்போன கதை நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கடைசியில் கட்டுரையாளர், எல்லாம் மலைத் தண்ணீரின் மகிமை என்று ஒரு பெரிய கும்பிடு போட்டு முடித்துவிட்டார். குன்னூரில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கும்பிட்டை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே நான் எழுதுவதை யாரும் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் மலைத் தண்ணீர் மென்னீர் என்பதில் ஐயமில்லை. நீலகிரியின் அடித்தளம் சார்னோக்கைட் பாறை. அது லேசில் கரையாது. சுண்ணாம்புப் பாறை இல்லாததால் மழைநீர் ஊறி ஓடையாக வரும்போது கால்சியத்தைப் பெரிதாக அள்ளி வருவதில்லை. திருப்பூர்ப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரங்களில் வெள்ளைப் படிவு கட்டிக்கொள்வதைப் போல இங்கே கட்டுவதில்லை. செக் நாட்டுப் பில்சன் நகரத் தண்ணீரும் இதே ஜாதிதான். 1842-இல் ஜோசப் கிரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர் உலகையே பிடித்துக்கொண்டது. இதுவரை கட்டுரையாளர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தை அவர் ஏன் விட்டுவிட்டார்? அங்கே நிலத்தடி நீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கொட்டிக் கிடக்கிறது. சல்பேட் மட்டுமே லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். அந்தக் கடின நீரால்தான் அவ்வூரின் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வறட்சியான, கூர்மையான கசப்போடு பெயர் பெற்றது. அயர்லாந்தின் டப்ளின் தண்ணீரிலோ பைகார்பனேட் அதிகம். அதில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அருமையாக வந்தது. தண்ணீரில் நல்லது கெட்டது என்று தனியாக இல்லை. எந்த பீருக்கு என்று கேட்டால்தான் பதில் உண்டு.

காரணம் எளிது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம்கள் ஒழுங்காக வேலை செய்யவும், உமியின் துவர்ப்பு இறங்காமல் இருக்கவும் அந்தக் கலவையின் அமில-கார அளவு, அதாவது பி.எச்., 5.2-லிருந்து 5.6-க்குள் இருக்க வேண்டும். கால்சியம் பார்லியின் பாஸ்பேட்டோடு சேர்ந்து பி.எச்.-ஐ இறக்கும், பைகார்பனேட் ஏற்றும். கருக வறுத்த பார்லிக்கு இயல்பாகவே அமிலத்தன்மை உண்டு என்பதால் டப்ளினில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டின. நம் மென்னீரில் அதே கறுப்பு பார்லியை ஊறவைத்தால் பி.எச். அளவுக்கு மீறி இறங்கி, பீர் சப்பென்று புளிப்பேறி நிற்கும். பர்ட்டன் சுவை வேண்டுமென்றால் ஜிப்சம் சேர்த்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆலைக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு பிடி உப்பால் மாற்றிவிடக்கூடிய ஒன்றை மகிமை என்று சொல்வது எப்படி?

குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் இருப்பதை வேறு மறக்கக் கூடாது. அது பார்லியிலுள்ள பீனால் என்ற வேதிப்பொருள்களோடு சேர்ந்தால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும். குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீரானாலும் பில்சன் தண்ணீரானாலும் இதே கதிதான்.

இனி என் முக்கியக் குறைக்கு வருகிறேன். அவ்வளவு நீளக் கட்டுரையில், சர்க்கரையை மதுவாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை! 1516-ஆம் ஆண்டின் பவேரியச் சட்டமும் பீருக்குத் தண்ணீர், பார்லி, கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ மூன்றே போதும் என்றுதான் சொன்னது. அவர்களுக்கு நுண்ணுயிர் என்றால் என்னவென்று தெரியாது, மன்னித்துவிடலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. குன்னூர்ச் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பாஸ்டியர் நிறுவனத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக நாம் கொண்டாடும் அதே பாஸ்டியர் பீர் கெட்டுப்போவதை ஆராய்ந்து 1876-இல் தனி நூலே எழுதினார். 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்துக் காட்டினார். பி.எச். என்ற அளவையே 1909-இல் அதே ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்ததுதான் என்பதைப் பள்ளிப் புத்தகங்களிலும் போட்டால் நன்றாக இருக்கும்.

என் அக்காள் மகன் மியூனிக்கில் சட்டப்படியே வீட்டில் பீர் காய்ச்சுகிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரே அண்டாவில் காய்ச்சிய மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை இரண்டு வாளிகளில் பிரித்து ஊற்றினான். தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் எதிலும் வேறுபாடு இல்லை. ஒன்றில் கோதுமை பீருக்கான ஈஸ்ட்டும், மற்றதில் சாதாரண ஏல் ஈஸ்ட்டும் தூவினான். சில நாள் கழித்து மூடியைத் திறந்து, "சித்தி, இதை மோந்து பாருங்கள்" என்றான். முதல் வாளியில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. வாழை மணம் ஐசோஅமைல் அசிட்டேட். கிராம்பு மணம் ஒரு பீனால். இரண்டையும் செய்தது ஈஸ்ட். அடுத்த வாளியில் ரொட்டி மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் குடிப்பவள் அல்ல. மூக்கே போதுமானதாக இருந்தது.

ஊட்டி வர்க்கியை வேறு ஊரில் சுட்டால் அந்த ருசி வராது, தண்ணீர்தான் காரணம் என்று பேசுபவர்கள் புளித்த மாவை மறந்துவிடுவது போலத்தான் இதுவும்.

மலைக்கு உண்மையான பெருமை ஒன்று உண்டென்றால் அது குளிர். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும்; லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 போதும். வெப்பம் மிஞ்சினால் ஈஸ்ட் வேண்டாத மணங்களை எல்லாம் கக்கும். குளிர்பதன இயந்திரங்கள் ஆலைகளுக்குள் பரவலாக வரத் தொடங்கியது 1870-களில்தான். அதற்கு முன் சமவெளியின் சித்திரை வெயிலில் நல்ல பீர் எப்படி வரும்?

அதே உயரம் ஒரு தொல்லையையும் தருகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இங்கே குடித்தனம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஹாப்சின் கசப்பு பீரில் இறங்கவும் கொதி வேண்டும். அந்த வேதிவினை இந்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நடக்கும். கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும், இல்லையென்றால் ஹாப்சைக் கூட்ட வேண்டும். கப்பலில் வந்து மலையேறிய ஹாப்ஸ் மலிவாகவா இருந்திருக்கும்?

கட்டுரையாளர் இந்தத் தொடரை மேலும் எழுதுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். 1857 என்பது ஹான்சனுக்கு இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது; தூய ஈஸ்ட் யாரிடமும் இல்லை. நீலகிரி ஆலைகளுக்கு ஈஸ்ட் எங்கிருந்து வந்தது, ஒரு காய்ச்சலிலிருந்து அடுத்த காய்ச்சலுக்கு அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று தேடிச் சொல்லுங்கள். அருவங்காடு, ஊட்டிப் பகுதி வாசகர்கள் யாரிடமாவது அந்த ஆலைகளின் பழைய கணக்கேடுகள் இருந்தால் ஈஸ்ட், ஜிப்சம், ஹாப்ஸ் வாங்கிய வரவு செலவுப் பக்கங்களை மட்டுமாவது படமெடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பலாம். படித்துப் பொருள் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குன்னூர்.