கண் முகாம்களில் பார்வைப்புலப் பரிசோதனையும் வேண்டும்

ரங்கூன் தமிழ்ச் சங்கப் பெரியோர்களுக்கும் கோவில் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

கோவில் மண்டபங்களில் நீங்கள் நடத்தும் இலவச முகாம்களால் கண்புரை நீங்கிப் பார்வை பெற்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த நன்றியோடுதான் ஒரு குறையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கென்று அங்கே கண் அழுத்தம் மட்டுமே அளக்கப்படுகிறது. மத்திய மியான்மரின் மெய்க்டிலா வட்டாரத்தில் நடந்த ஆய்வு, 40 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே பார்வை நரம்பு கெடுவதுண்டு என்பதால், அந்த ஓர் எண்ணை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கண்ணை அசைக்காமல் நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப்புலப் பரிசோதனையும் வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு.

மருத்துவர் எதிரே அமர்ந்து விரல்களைக் காட்டிச் சோதிக்கும் முறைக்குச் செலவே இல்லை; ஆனால் நோய் முற்றிய பிறகுதான் அதில் குறை தெரியும். துடிக்கும் கோடுகளைக் காட்டும் எஃப்டிடி (FDT) என்ற கருவி, பார்வைப் பரப்பில் 17 இடங்களை ஒரு கண்ணுக்கு ஓரிரு நிமிடத்தில் சோதித்துவிடும், இருட்டறை தேவையில்லை. கண்புரை உள்ளவரையும் அது சில நேரம் நோயாளி என்று காட்டும் என்றாலும், கூட்டம் நிறைந்த முகாமுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. மின்சாரம் போய்ப்போய் வரும் நம் ஊரில், மின்கலத்தில் இயங்கும் டேப்லெட் கணினியில் செய்யும் பார்வைப்புலப் பரிசோதனையையும் எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றில் ஐயம் எழுந்தால் மருத்துவமனையில், பார்வைப்புலத்தைப் புள்ளி புள்ளியாக ஒளிகாட்டி அளக்கும் ஹம்ஃப்ரி கருவியில்தான் உறுதி செய்ய வேண்டும். அதன் 24-2 முறை, 6 பாகை இடைவெளியில் 54 புள்ளிகளைச் சோதித்து, அதே வயதினரின் இயல்பான பார்வையோடு ஒப்பிடுகிறது. நடுப்பார்வையை ஒட்டிய இழப்புக்கு, 2 பாகை இடைவெளியில் 68 புள்ளிகளைப் பார்க்கும் 10-2 முறை உண்டு.

என் அம்மாவுக்கு ஹம்ஃப்ரி சோதனை நடந்தபோது, அருகே இருந்த நானும் விளக்கிச் சொல்லத் தவறினேன். சோதித்தவர் பர்மிய மொழியில் வேகமாகச் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை. வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை அலையவிட்டார். முடிவுத் தாளில் பாதி, பார்வை இல்லாததுபோல் கறுப்பாக வந்தது. மறுமுறை, "நடுவிலிருக்கும் மஞ்சள் விளக்கையே பாருங்கம்மா, ஓரத்தில் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பொத்தானை அமுக்குங்க, காட்டுற வெளிச்சங்களில் பாதி யாருக்குமே தெரியாது" என்று தமிழில் சொன்னதும் அந்தக் கறுப்பில் பெரும்பகுதி காணாமல் போனது. மூக்கையொட்டிய மேற்பகுதியில் எஞ்சியது மட்டுமே மெய்யான இழப்பு.

ஆகவே, எஃப்டிடியோ டேப்லெட்டோ ஒன்றை முகாமில் சேருங்கள். குறை தெரிந்தவர்களுக்கு ஹம்ஃப்ரி பரிசோதனையும், நம் நாட்டில், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடும் மூடுகோண வகைக் கிளாக்கோமாவும் மிகுதி என்பதால் அந்தக் கோணத்தைப் பார்க்கும் பரிசோதனையும் கிடைக்க வழிசெய்யுங்கள். கருவியருகே அமர்ந்து தமிழில் விளக்கும் பணியை, முகாம் நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முகாமுக்கு அம்மாவை அழைத்துவந்த மகள்