ஈஸ்டர் கூடையில் மிட்டாய் வேண்டாம்: ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சென்னைத் திருச்சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும்,

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. ஈஸ்டர் கூடைகளுக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியலை விரைவில் எழுதுவீர்கள். அதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: இந்த ஆண்டு கூடையில் மிட்டாய் வேண்டாம்.

பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பி, வெறும் வயிற்றோடு ஆராதனைக்கு அழைத்து வருகிறோம். முடிந்ததும் கை நிறைய சாக்லேட்டும் டாஃபியும் கொடுக்கிறோம். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி காலியாகிவிடும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகக்கூடியது. நம் ஏப்ரல் வெயிலில் மீதி என்ன ஆகும்? பளபளப்புத் தாளைப் பிரித்தால் சாக்லேட் முட்டை இருந்த இடத்தில் குழம்பு. அதையும் தாளோடு நக்குகிறார்கள். குழந்தைகளின் உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம்.

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. உணவின் மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்ட பிறகே அவள் சாப்பிட முடியும். இனிப்பை நான் வெறுக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தாழும்போது குளுக்கோஸ்தான் அவளைக் காப்பாற்றுகிறது. ஆனால் சென்ற ஈஸ்டரில் வரிசையில் அவள் முறை வந்தபோது, "உனக்கு இது ஆகாதேம்மா" என்று ஆசிரியை கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கறையால்தான் அப்படிச் செய்தார். நீட்டிய கையை அவள் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று எந்தப் பிள்ளைக்கும் இது நேரக் கூடாது. பாலோ வேர்க்கடலையோ ஒவ்வாத பிள்ளைகளும் நம் ஆலயங்களில் உண்டு.

ஈஸ்டர் முட்டை சாக்லேட்டில் தொடங்கவில்லை. ஐரோப்பாவில் லெந்து நாட்களில் முட்டையும் விலக்காக இருந்தது. அந்த நாட்களில் சேர்ந்த முட்டைகளுக்குச் சாயமேற்றி ஈஸ்டரன்று கொடுத்தார்கள். பிரிட்டனில் ஃப்ரை நிறுவனம் சாக்லேட் முட்டை செய்தது 1873-இல்தான். நாம் அவித்த முட்டைக்கே திரும்பலாம். வெங்காயச் சருகைக் கொதிக்கவிட்டு, வடித்த நீரில் சிறிது வினிகர் சேர்த்து ஊறவைத்தால் முட்டையில் செம்பழுப்பு நிறம் ஏறும். மஞ்சள்தூளும் அழகான நிறம் தரும். முந்தின நாள் மாலை பிள்ளைகளே ஆலய வளாகத்தில் செய்யட்டும். ஆனால் இரவு முழுவதும் முட்டைகள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்குத் தாங்காது.

பிளாஸ்டிக் கூடைக்குப் பதில் பனையோலைக் கொட்டான் வாங்குங்கள். பிறகு பென்சில் போட்டுவைக்க உதவும். உள்ளே பம்பரம், ஸ்கிப்பிங் கயிறு, கிரையான், அம்பாசமுத்திரத்து மரச்செப்பு, ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் என்று எதுவும் வைக்கலாம். தூளிகாவும் தாராவும் சென்னைப் பதிப்பகங்கள்தானே. எனக்கு மிகவும் பிடித்தது விதைப் பொட்டலம். வெண்டை விதை ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். மண்ணில் புதைந்தது எழுவதைப் பிள்ளை தன் வீட்டு மாடித் தொட்டியிலேயே பார்க்கும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோழி, கோலிக்குண்டு, விதை போன்று விழுங்கக்கூடிய எதையும் கொடுக்க வேண்டாம்.

இத்தனையும் ஒரே கூடையில் அடங்க வேண்டியதில்லை. மிட்டாய்க்கு ஒதுக்கும் தொகையில் இரண்டு பொருள் வாங்கினாலும் போதும். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கூடையாக இருக்கட்டும்; என் மகளுக்கென்று தனிக் கூடை கட்ட வேண்டாம். பாரிமுனைக்குப் பொருள் வாங்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். விதைப் பொட்டலம் மடிக்கும் வேலையை என்னிடமே விட்டுவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஞாயிறு பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்,
பெரம்பூர், சென்னை