டாங்கிள் இருக்கிறதா என்று முதலில் பார்

புதுச்சேரி

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். பாப்பா பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. மற்றதை நேரில் பேசலாம். ஹெட்போன் விஷயத்தை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு மாடலும் உனக்கு ஆகாது.

நீ சொன்ன வேலை மூன்று. ராத்திரி பிஎஸ் 5இல் (பிளேஸ்டேஷன் 5) ஆட்டம், பகலில் லேப்டாப்பில் மீட்டிங், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பஸ்ஸில் பாட்டு. நீ பார்த்தவை ப்ளூடூத் மட்டும் உள்ளவை. பாட்டு அருமையாகக் கேட்கும், பஸ் இரைச்சலையும் அடக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிஎஸ் 5 ப்ளூடூத் ஹெட்போனை ஏற்றுக்கொள்வதே இல்லை. கன்ட்ரோலர், கீபோர்டு போன்றவற்றைத்தான் ப்ளூடூத்தில் சேர்க்கும். எக்ஸ்பாக்ஸ் கன்சோலும் ப்ளூடூத் ஹெட்போனை ஏற்காது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து ப்ளூடூத்தில் சத்தம் கொடுக்கிறது, ஆனால் மைக் வேலை செய்யாது.

அப்படியே இணைந்தாலும் ஆட்டத்துக்கு ப்ளூடூத் சரிப்படாது. ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பி, சத்தம் விட்டுவிட்டு வராமல் இருக்க ஹெட்போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகுதான் விரித்துக் கொடுக்கிறது. எஸ்பிசி, ஏஏசி போன்ற சாதாரண கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) இதற்கெல்லாம் சேர்த்து 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை போய்விடும். விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். தாமதம் 200 என்றால் படத்துக்கு 12 ஃப்ரேம் பின்னால் சத்தம் வருகிறது என்று கணக்கு. எதிரி கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்ற பிறகு காலடிச் சத்தம் கேட்டு என்ன பிரயோஜனம்? டாங்கிளோடு (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வயர்லெஸ் குச்சி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் இது சுமார் 20 முதல் 40க்குள் அடங்கிவிடும், காதுக்குத் தெரியாது. ப்ளூடூத்தும் அதே 2.4 அலைவரிசையில்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். அலை ஒன்றுதான், அனுப்பும் முறைதான் வேறு.

கோடெக் பெயரைக் காட்டிக் கடைக்காரர் ஆசை காட்டுவார். எல்டாக் என்றால் விநாடிக்கு 990 கிலோபிட் வரை போகும், பாட்டுக்கு நல்லது, தாமதத்தைக் குறைக்காது. ஏப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி உண்மையிலேயே 40 மில்லிசெகண்ட் அளவுக்கு வேகமானது, ஆனால் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும், ஐபோனில் ஏப்டிஎக்ஸ் எதுவுமே கிடையாது. 2022இல் விதிமுறை முழுமையான எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை நல்ல திசையில் போகிறது, அதற்கும் இரண்டு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். இன்றைக்கு அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதே. சின்ன இயர்பட்ஸ் பெட்டியில் 'கேமிங் மோடு' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பாதையின் ஒரு பகுதிக்கு மட்டும் சொல்லும் கணக்கு. போனுக்குள் ஆகும் நேரம் அதில் சேராது.

கடையில் சோதிக்கும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. யூடியூப் வீடியோவைப் போட்டு "உதடும் சத்தமும் சேர்ந்துதானே சார் வருது" என்பார்கள். வீடியோ ஆப் ப்ளூடூத் தாமதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு படத்தையே அந்த அளவு பின்னுக்குத் தள்ளிக் காட்டும், அதனால் எல்லாம் பொருந்திவிடும். ஆட்டத்தில் அப்படிச் செய்ய முடியாது, நீ பட்டனை அழுத்துவது முன்கூட்டித் தெரியாதே. போனில் ஒரு பியானோ ஆப்பைத் திறந்து கட்டையைத் தட்டிப் பார், இல்லையென்றால் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டத்தின் பயிற்சி மைதானத்தில் ஒற்றைத் தோட்டா சுட்டுப் பார். விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி இருந்தால் உடனே பிடிபடும்.

இதைவிடப் பெரிய தொல்லை மைக். லேப்டாப்பில் ப்ளூடூத் ஹெட்போன் வைத்து மீட்டிங்கில் சேர்ந்ததும் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, ஹெட்போன் பழுது இல்லை அது. பாட்டுக்கான ப்ளூடூத் வழி ஒரே திசையில், ஹெட்போனுக்கு மட்டும் போகும், ஸ்டீரியோவாக இருக்கும். மைக்கைத் திறந்த அடுத்த நொடி கம்ப்யூட்டர் அதை விட்டுவிட்டு ஹேண்ட்ஸ்-ஃப்ரீ வழிக்கு மாறுகிறது. அதில் இரண்டு பக்கமும் பேச்சு போக வேண்டும் என்பதால் ஒலி மோனோவாகி, 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு, பழைய கருவி என்றால் 8க்கு இறங்கிவிடும். இருக்கிற ஹெட்போனுக்கு இப்போதைக்கு ஒரு வழி: மீட்டிங் ஆப்பின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனையும், மைக்காக லேப்டாப்பின் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடு. விண்டோஸ் சவுண்ட் அமைப்பிலும் அதே இன்புட்டை வை. கேட்பது உடனே தெளிந்துவிடும். உன் குரல்தான் ஃபேன் சத்தத்தோடு போகும். டாங்கிளில் இந்தச் சிக்கலே இல்லை, பேசும்போதும் ஸ்டீரியோ குறையாது.

ஆகவே நீ தேட வேண்டியது டாங்கிளும் ப்ளூடூத்தும் இரண்டும் உள்ள ஹெட்செட். அதிலும் இரண்டு ரகம் உண்டு. ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா 7 இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து கொடுக்கும். ஆட்டம் டாங்கிளில் ஓடும்போதே போன் அழைப்பை ப்ளூடூத்தில் பேசலாம். ரேசர் பராகுடா எக்ஸ் போன்றவை ஒன்றிலிருந்து மற்றதுக்கு பட்டனை அழுத்தி மாற வேண்டியவை. ராத்திரி ஆடும்போது ஆபீஸ் போன் வரும் வேலை உன்னுடையது என்றால் முதல் ரகத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். பராகுடா எக்ஸின் எடை 250 கிராம்தான், டாங்கிள் டைப்-சி என்பதால் போனிலும் நேராகச் செருகலாம், ஆனால் இரைச்சலை அடக்கும் வசதி கிடையாது.

மைக் கம்பி கழற்றக்கூடியதா என்றும் பார். பஸ்ஸில் அதோடு உட்கார்ந்தால் கண்டக்டரே சிரிப்பார். கழற்றிய பிறகு போன் பேச உள்ளே வேறு மைக் இருக்கிறதா என்று கேள், சிலவற்றில் இருக்காது. சைட்டோன் என்று ஒரு வசதி, உன் குரலே உன் காதில் லேசாகக் கேட்கும். மூடிய ஹெட்செட்டில் அது இல்லாவிட்டால் தன்னை அறியாமல் கத்திப் பேசுவோம். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் அதன் அருமை தெரியும்.

டாங்கிளை எங்கே செருகுகிறாய் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 துளையும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். 2012இல் இன்டெல்லே இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டது. லேப்டாப்பில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் அதன் பக்கத்துத் துளையில் டாங்கிளும் இருந்தால் சத்தம் விட்டுவிட்டு வருவதற்கு அதுதான் காரணம். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டால் முக்கால்வாசிப் புகார் தீரும். மீதிக்கு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று.

பிஎஸ் 5இல் ஆட்டத்தின் 3டி ஆடியோவை கன்சோலே செய்கிறது, எந்த ஹெட்செட்டுக்கும் கொடுக்கும். சவுண்ட் அமைப்பில் அதை இயக்கி, அங்கே தரும் விதங்களில் சத்தம் காது மட்டத்தில் வருவது போலத் தோன்றுவதைத் தேர்ந்தெடு. அதை வைத்தால் ஹெட்செட்டின் சொந்த 7.1ஐ (சுற்றிலுமிருந்து சத்தம் வருவது போலக் காட்டும் வசதி) அணைத்துவிடு. இரண்டும் சேர்ந்தால் திசையே குழம்பும். பெட்டிமேல் எழுதியிருக்கும் 7.1 எல்லாம் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கரில் கணக்குப் போட்டுச் செய்வதுதான். 50 மில்லிமீட்டர் டிரைவர் (காதுக்குள் சத்தம் தரும் ஸ்பீக்கர்) என்பதும் தரத்துக்குச் சான்று இல்லை, நல்ல 40 அதை முந்தும். வண்ண விளக்கு பேட்டரியைத் தின்னும், போட்டிருப்பவனுக்குத் தெரியவும் தெரியாது.

இனி நம் ஊர் வெக்கை. இதைப் பற்றி எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். செயற்கைத் தோல் குஷன் பாலியூரிதேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் அது தானே சிதைந்து செதில் செதிலாக உரியும். கடலோரத்தில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். துணிக் குஷன் காற்றோட்டமானது, கண்ணாடிக் கம்பி அழுத்துவதும் குறைவு, நீ கண்ணாடி போடுகிறவன். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், பாஸ் கொஞ்சம் குறையும், பஸ் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். நான் துணி பக்கம்தான். எதுவானாலும் குஷன் தனியாக வாங்கிக் கிடைக்கும் மாடலாகப் பார். பலவற்றில் குஷனின் உதடு விளிம்புப் பள்ளத்தில் மாட்டியிருக்கும், பழைய பிளாஸ்டிக் கார்டால் நெம்பிக் கழற்றிப் புதிதை ஒரு மூலையிலிருந்து சுற்றி நுழைக்கலாம். ஒட்டி வைத்த குஷன் என்றால் தலைவலி.

கழற்றியதும் உலர்ந்த துணியால் துடை. வியர்த்த கையோடு உடனே சார்ஜில் போடாதே. உப்பு ஈரத்தின் மேல் மின்சாரம் ஓடினால் டைப்-சி முள்ளில் பச்சை படிந்து பிறகு சார்ஜே ஏறாது. பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு வை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடாதே. பல நாள் எடுக்க மாட்டாய் என்றால் பாதி சார்ஜில் வை, முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சில விலை குறைந்த ஹெட்செட் சார்ஜ் ஏறாது, உள்ளே போட வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். கூட வந்த கேபிளைப் பழைய சார்ஜரில் போட்டால் ஏறும்.

இரைச்சல் அடக்கும் வசதியை நான் கடைசியில் வைக்கிறேன். பஸ் என்ஜின், ஃபேன், ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தை அது நன்றாக விழுங்கும். ஹாரனையும் பக்கத்து சீட்டுப் பேச்சையும் விழுங்காது. கடற்கரைச் சாலையிலோ சில்வர் பீச்சிலோ காற்று வீசும்போது வெளி மைக்கில் காற்று மோதி அதுவே ஒரு இரைச்சலாகும், அங்கே அணைத்துவிட வேண்டும். ஆனால் ஒன்றை மறுக்க மாட்டேன். அது இல்லாமல் பஸ்ஸில் கேட்டால் கை தானாக வால்யூமைக் கூட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, 90 என்றால் 4 மணி நேரம்தான். போனில் ஹெட்போன் சத்தத்துக்கு எல்லை வைக்கும் அமைப்பு இருக்கும், பையன் போனிலும் சேர்த்து வைத்துவிடு. பஸ்ஸுக்கு இரைச்சல் அடக்கியே தீர வேண்டும் என்றால் இருக்கிற ப்ளூடூத் ஹெட்போனைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு மட்டும் ஒரு எளிய டாங்கிள் ஹெட்செட் வாங்கு. ஒரே பொருளில் மூன்றையும் அடக்குவதைவிட அது மலிவாகவும் வரலாம்.

வாங்க புதுச்சேரி வர வேண்டியதில்லை. வரி குறைவு என்று எலக்ட்ரானிக்ஸ் வாங்க இங்கே வந்த காலம் 2017 ஜிஎஸ்டியோடு போயிற்று. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலேயே வாங்கு, கண்ணாடியோடு ஒரு கால் மணி நேரம் போட்டுப் பார்த்து வாங்கு. 300 கிராமுக்கு மேல் போனால் கழுத்து சொல்லும். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல், பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பார். டாங்கிள் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று மறக்காமல் கேள். அது இல்லாத ஹெட்செட் பிஎஸ் 5இல் வயர் ஹெட்போன்தான். அதுவும் 3.5 மி.மீ. துளை இருந்தால், கன்ட்ரோலரில் கேபிள் செருகி. வாங்கிய அன்றே லேப்டாப்பில் போட்டு ஹெட்செட், டாங்கிள் இரண்டுக்கும் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) அப்டேட் செய், நடுவில் பிடுங்கிவிடாதே.

முடிவு சொல்வதற்கு முன் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உன் பிஎஸ் 5 2020இல் வந்த பெரியதா, 2023இல் வந்த ஸ்லிம்மா? பெரியதில் முன்பக்கம் ஒரு பழைய யூஎஸ்பி துளை இருக்கிறது, அது 2.0 வேகம்தான், டாங்கிளுக்குத் தங்கமான இடம். ஸ்லிம்மில் முன்னால் இரண்டும் டைப்-சி, பழைய துளை பின்பக்கம்தான். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டினால் சிக்னல் தடுமாறும், அப்போது டைப்-சி டாங்கிள் உள்ளதாகத்தான் பார்க்க வேண்டும். பையனைக் கேட்டு எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மச்சான்