எடுத்த பிள்ளையை இடைவழியில் விடாத கணக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நீயும் உன் சிநேகிதப் பிள்ளைகளும் சேர்ந்து 25 இலட்சம் ரூபா திரட்டியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அதைப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலாகக் கொடுக்க வேணும், வருடத்துக்குப் பத்துப் பேரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். பத்துப் பேரை எடுக்க ஏலாது. இரண்டு பேரை எடுக்கலாம். ஏனென்று கணக்கோடு எழுதுகிறேன், உன் சிநேகிதப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில், "அரச உத்தியோகத்தருக்கு எதற்கு உதவி?" என்று உங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் வைத்திருக்க வேணும். எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. செலவு முழுவதும் இருக்கிற இடம், சாப்பாடு, பஸ், லப்டொப், போட்டோ கொப்பி. அதற்கு அரசாங்கம் மகாபொல, பேர்சரி என்ற இரண்டு உதவித்தொகைகளில் ஒன்றைக் கொடுக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் கூடியது. இரண்டுக்கும் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். கடை வைத்திருப்பவரின் வருமானம் அவர் சொன்னால்தான் தெரியும். கந்தோரில் சிற்றூழியராக இருப்பவரின் வருமானமோ கடைசி ரூபா வரை சம்பளப் பட்டியலில் அச்சடித்துக் கிடக்கிறது. வெளிநாட்டு உதவி அமைப்புகள் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு எடுக்கிற குடும்பமா, போரில் பாதிக்கப்பட்ட குடும்பமா என்று பார்க்கும்போது மாதச் சம்பளக்காரர் அதிலும் விடுபடுகிறார். அலுவலக உதவியாளர், சாரதி, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், பிரதேச சபைச் சுகாதாரத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறார்கள். உங்கள் காசு போக வேண்டிய இடம் அது. பணிப்பாளரின் பிள்ளைக்கும் ஆசிரியர் சோடியின் பிள்ளைக்கும் போகத் தேவையில்லை.

இனிக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபா, நாலு வருடம், 48 மாதம்: 240,000. அதோடு அனுமதி கிடைத்தவுடன் ஒரே தடவையில் 48,000. ஆக ஒரு பிள்ளைக்கு 288,000 ரூபா. நீ சொன்னபடி பத்துப் பேரை எடுத்தால் முதல் அணிக்கே 28 இலட்சத்து 80 ஆயிரம் வேணும். உங்களிடம் இருப்பது 25 இலட்சம். இரண்டாம் வருடம் இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். நலன்புரிச் சங்கங்கள் தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகின்றன. முதல் வருடச் செலவை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். வருடா வருடம் புதிய அணி சேர, நாலாம் வருடம் நாலு அணி ஒரேயடியாகக் கையேந்தி நிற்கும். அப்போது இறுதியாண்டுப் பிள்ளைக்கு, ஆய்வு அறிக்கை எழுதுகிற நேரத்தில், காசு நின்றுபோகும். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் உதவியே செய்யாமல் இருந்திருந்தால், அது வேறு ஒழுங்கு பார்த்திருக்கும்.

வட்டியை மட்டும் எடுத்தாலோ? நிலையான வைப்புக்கு 8 வீதம் என்று வைத்துக்கொள். 25 இலட்சத்துக்கு வருடம் 200,000. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் முற்பண வருமான வரியாக வங்கியே கழித்துக்கொள்ளும். மிச்சம் 180,000. வட்டி என்றும் இப்படியே இருக்கும் என்று நம்பவும் கூடாது. 2022 கடைசியில் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள், 2024இல் அது பத்துக்குக் கீழே வந்துவிட்டது. அந்த உச்சத்தை நம்பிப் பிள்ளைகளை எடுத்திருந்தால் இரண்டாம் வருடமே மூலதனத்தில் கை வைக்க வேண்டி வந்திருக்கும்.

என் யோசனை இது. வருடம் இரண்டு புதிய பிள்ளைகள். 25 இலட்சம் வைப்பில் இருக்கட்டும், வட்டி 180,000 வரும். நீங்கள் பதினொரு பேரும் ஆளுக்கு மாதம் 3,000 ரூபா போட்டால் வருடம் 396,000. இரண்டும் சேர்ந்து 576,000. செலவு முதல் வருடம் 216,000, இரண்டாம் வருடம் 336,000, மூன்றாம் வருடம் 456,000, நாலாம் வருடம் 576,000. அதற்குப் பிறகு ஒரு அணி வெளியேற ஒரு அணி உள்ளே வரும், செலவு 576,000இலேயே நிற்கும். முதல் மூன்று வருடமும் மிஞ்சுகிற காசு 360,000, 240,000, 120,000, மொத்தம் 720,000. அதை ஒருவரும் தொடக்கூடாது, வைப்போடு சேர்க்க வேணும். சாமான் விலை ஏறும்போது மாதத் தொகையைக் கூட்டுவதற்கும், மருத்துவ பீடத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வருடத்துக்கு வேண்டிய 60,000க்கும் அதன் வட்டிதான் கை கொடுக்கும். "நாலாம் வருடம் வரை புதிய அணியின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை" என்று அமைப்பின் யாப்பிலேயே, அதாவது விதிகளிலேயே, எழுதிவைக்க வேணும். எழுதாவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் யாராவது எழும்பி மூன்று பேராக்குவோம் என்பார், எல்லாரும் கை தட்டுவார்கள்.

அந்த 48,000 ரூபாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும், ஏனென்றால் நெருக்கடி முழுவதும் அங்கேதான். பல்கலைக்கழகப் பதிவு முடிந்து வகுப்புத் தொடங்கினாலும் மகாபொலப் பட்டியல் பிறகுதான் வரும். முதல் தவணைக் காசு கைக்கு வர மாதங்கள் போகும். பிறகு நிலுவையோடு சேர்த்து வரும், ஆனால் அறையை வாடகைக்கு விட்ட போடிங்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கோ, பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகிற பிள்ளைக்கோ முதல் கிழமையிலேயே அறை முற்பணம், மெத்தை, மேசை விளக்கு, கல்குலேற்றர், லப்டொப் எல்லாம் ஒன்றாக வேணும். தகப்பன் கந்தோரில் அவசரத் தேவைக்குக் கொடுக்கும் இடர்கடன் எடுக்க விண்ணப்பிப்பார், முந்தின கடன் முடியாவிட்டால் அதுவும் இழுபடும். கடைசியில் தாயின் சங்கிலி அடகுக்குப் போகும். அதனால் இந்தக் காசு பதிவுக் கடிதம் கண்ட பத்து நாளுக்குள் பிள்ளையின் கணக்கில் விழ வேணும். ஆனால் பதிவுக்கு முந்தியும் கொடுக்காதே. வெட்டுப்புள்ளி வந்தவுடன் கொடுத்தால், வெற்றிடம் நிரப்பும்போது பிள்ளை வேறு பீடத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ மாறும், கணக்கும் குழம்பும்.

மாதக் காசைப் பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேணும். மகாபொல வருடத்துக்குப் பத்துத் தவணைதான், அறை வாடகையோ விடுமுறையிலும் ஓடும். ஒரே ஆளுக்கு மகாபொலவும் பேர்சரியும் சேர்ந்து கிடையாது. உங்கள் உதவியால் அதில் சிக்கல் வருமா என்று தங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் நலன்புரிக் கிளையில் கேட்டு எழுத்தில் வாங்கி வைக்கும்படி பிள்ளைகளிடம் முதலே சொல்ல வேணும்.

"அரச ஊழியர்" யார் என்பதை யாப்பில் தெளிவாக எழுதாவிட்டால் முதல் வருடமே சண்டை வரும். "ஓய்வூதியம் உள்ள நிரந்தர ஊழியர்" என்று எழுதினால் இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போத் தொழிலாளர் விடுபடுவார், அவருக்கு ஓய்வூதியம் இல்லை, ஊழியர் சேமலாப நிதிதான். நிரந்தரமாகாத சுகாதாரத் தொழிலாளரும் விடுபடுவார், அவருடைய வீட்டுக்குத்தான் கூடுதலாகத் தேவை. மத்திய அரசு, வடக்கு மாகாண சபை, உள்ளூராட்சி மன்றங்கள், அரச கூட்டுத்தாபனங்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். சேவையில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்கு முதல் இடம். இடமாற்றம் வந்தாலும் ஓய்வு பெற்றாலும் எடுத்த பிள்ளைக்கு உதவி தொடரும். தகப்பன் பணிநீக்கம் செய்யப்பட்டாலும் தொடர வேணும் என்பது என் கட்சி, பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை.

தெரிவில் எல்லாரும் சறுக்குகிற இடம் சம்பளப் பட்டியல். "கைக்கு வருவது எவ்வளவு" என்று பட்டியலின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் வீட்டுக்கும் வாகனத்துக்கும் கடன் எடுத்தவர் ஏழையாகத் தெரிவார், கடன் வாங்கப் பயந்து இருந்தவர் வசதிக்காரராகத் தெரிவார். மேல் வரியைப் பார்க்க வேணும்: அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி 17,800, மேலதிக நேரம், மற்றப் படிகள். கணவன் மனைவி இருவரின் பட்டியலும் வேணும், ஒரு மாதத்தது போதாது, மூன்று மாதத்தது. கூட்டுத்தொகையை வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் பிரி. வெளியூரில் தங்கிப் படிக்கிற பிள்ளையை இரண்டு ஆளாக எண்ணு. ஒரு அலுவலக உதவியாளருக்கு மொத்தம் 66,000, வீட்டில் நாலு பேர், ஒருவர் வெளியூரில் என்றால் ஐந்து பங்கு, ஆளுக்கு 13,200. இரண்டு பேரும் உத்தியோகம் பார்த்து 155,000 எடுக்கும் அதே அளவு குடும்பத்தில் ஆளுக்கு 31,000. இடர்கடன் நோய்க்காக எடுத்ததென்றால் வைத்திய ஆவணத்தோடு தனியாகப் பாருங்கள். விதானையார் (கிராம அலுவலர்) சான்றும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்கலாம், ஆனால் தெரிவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தெரிவுக் குழுவில் இருப்பவரின் பிள்ளையோ சகோதரரின் பிள்ளையோ விண்ணப்பித்தால் அவர் அந்த வருடம் குழுவில் இருக்கக்கூடாது, அறைக்கு வெளியே போயிருந்தாலும் போதாது. விண்ணப்பிக்கிறவர்களின் திணைக்களங்களோடு தொடர்பில்லாத, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைக் குழுவில் கட்டாயம் சேருங்கள்.

காசு அனுப்புகிற விஷயம். என் கணக்குக்கு அனுப்பாதே. நான் கண் மூடினால் அந்தக் காசு என் முதுசமாகிவிடும், அதைப் பிரித்தெடுக்க நீங்கள் நீதிமன்றம் ஏற வேண்டி வரும், அதற்குள் பிள்ளைகளின் படிப்பே முடிந்துவிடும். வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாற்றுகிற உண்டியலிலும் அனுப்பாதே, வந்த காசுக்குத் தடயம் இருக்காது, கணக்காய்வில் காட்ட ஏலாது. அமைப்பின் பெயரில் கணக்குத் திறந்து வங்கி வழியாக அனுப்புங்கள். அமைப்பை இரண்டு விதமாக அமைக்கலாம். சங்கமாகத் தொடங்கி 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம். அல்லது நொத்தாரிசைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்பு உறுதி (ட்ரஸ்ட் பத்திரம்) எழுதலாம். வருடா வருடம் நிர்வாகத் தேர்தல் வைத்து இழுபடாமல் இருக்க இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஒப்பமிட மூன்று பேர், அதில் எந்த இருவரும் போதும், ஆனால் ஒருவராவது ஓய்வு பெற்று இங்கேயே இருப்பவராக இருக்க வேணும். மூவரும் சேவையில் இருந்தால், ஒருவருக்கு வவுனியாவுக்கும் ஒருவருக்கு மன்னாருக்கும் இடமாற்றம் வந்த மாதத்தில் காசோலை எழுத ஆளிராது. புதிய ஒப்பக்காரரை வங்கி ஏற்கக் கூட்டறிக்கை, தீர்மானம், அடையாள அட்டைப் பிரதி என்று கேட்கும்.

பிள்ளைக்குப் போகிற காசு பிள்ளையின் கணக்குக்கே, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி, வங்கியின் நிலையான கட்டளையில் போகட்டும். மேடை வேண்டாம். மாலை போட்டு, பெரிய அட்டைக் காசோலை பிடித்து, முகப்புத்தகத்தில் படம் போடுகிற வழக்கம் இங்கே கூடிப்போச்சு. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தப் படம் நாலு வருடமும் பின்னால் வரும். கணக்கறிக்கையில் பிள்ளையின் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். பெயர்ப் பட்டியல் கணக்காய்வாளருக்கும் தெரிவுக் குழுவுக்கும் தெரிந்தால் போதும்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்பது. அரையாண்டுக்கு ஒருமுறை பெறுபேற்றுப் பிரதியும் பதிவு புதுப்பித்த ரசீதும் வாங்க வேணும். ஒரு பாடம் விழுந்ததற்காக நிறுத்தாதே. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு முதலாம் அரையாண்டில் திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிற பிள்ளைக்கு விழுவது சாதாரணம். பதிவைக் கைவிட்டாலோ முழுநேர வேலைக்குப் போனாலோதான் நிறுத்த வேணும். பணிப்புறக்கணிப்பால் பல்கலைக்கழகம் மூடப்பட்டு 48 மாதத்துக்குள் படிப்பு முடியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாம், ஆளுக்கு 30,000, அதையும் மேலதிக வைப்பின் வட்டியிலிருந்து எடுக்கலாம்.

நம்பிக்கைப் பொறுப்பு உறுதியின் வரைபைச் சட்டத்தரணியிடம் எழுதுவித்து அடுத்த கிழமை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாதம் 3,000 ரூபா என்பதை நாலு வருடத்துக்கு உறுதியாகப் போடக்கூடியவர் எத்தனை பேர் என்று அதற்குள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுது. பதினொரு பேர் ஏழு பேராகக் குறைந்தால் வருடம் ஒரு பிள்ளையோடு தொடங்குவோம்.

அன்புடன்,
அம்மா