ஹியோரியாமா மலைப்படிகளைப் பேணியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஹியோரியாமா மலைவாழ் பெருமக்களுக்கும், கஷிமா மிக்கோ ஆலயத்துப் படிகளைப் பல்லாண்டுகளாகக் கூட்டிப் பேணிவந்த அக்கம்பக்கத்துப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஜப்பானின் இஷினோமாகி நகரில், அந்த மலையின் அடிவாரத்திலுள்ள மினாமிஹாமாவில்தான் எங்கள் வீடு இருந்தது. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்குத் தொடங்கிய நிலநடுக்கம் அடங்கியதும், முழங்கால் வலியால் அவதிப்பட்ட என் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நான் நேரே அந்தப் படிகளுக்குத்தான் போனேன். எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. புத்தாண்டின் முதல் வழிபாட்டுக்கும், செர்ரி பூக்கும் நாள்களிலும் சிறு வயது முதல் ஏறிப் பழகிய வழி அது. நிலநடுக்கத்தை உண்டாக்கும் பெருங்கெளுத்தி மீனைக் கல்லால் அழுத்தி வைத்திருப்பவர் கஷிமா தெய்வம் என்பார்கள். அன்று பூமி அடங்கவில்லைதான். ஆனாலும், அபாயம் வந்தால் மேட்டுக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் கால்களுக்குப் பழக்கி வைத்தது அந்த ஆலயமே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாதிப் படியில் தாயார் உட்கார்ந்துவிட்டார். அப்போது பள்ளிச் சீருடையில் இருந்த இரு மாணவர்கள், கேட்காமலே குனிந்து, ஒருவர் மாற்றி ஒருவராக அவரை முதுகில் சுமந்து ஆலயத்தின் நுழைவாயிலான தோரி வரை கொண்டு சேர்த்தார்கள். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். தம்பிகளே, நீங்கள் எங்கிருந்தாலும் என் நன்றி உங்களுக்கே முதலில் உரியது.

பனி கொட்டிய அந்த மாலையில், கீழே எங்கள் தெருக்களைச் சுனாமி நீர் கொண்டுபோனதையும் பின்னர் தீ எரித்ததையும் மேலிருந்து பார்த்தபடி நின்ற எங்களை, முன்பின் அறியாதவர்கள் என்று பாராமல் வீட்டுக்குள் அழைத்துப் போர்வையும் வெந்நீரும் தந்த மலைமேல் குடும்பத்தாருக்கு என் நன்றி. கடோனோவாக்கி தொடக்கப் பள்ளியிலிருந்து மாணவர்களை இதே மலைக்கு அழைத்து வந்த ஆசிரியர்களுக்கும், பள்ளிக்குள் சிக்கியவர்கள் தப்ப வகுப்பறை மேடைப்பலகையை மலைச்சரிவுக்குப் பாலமாகப் போட்டவர்களுக்கும் இந்த ஊரே கடன்பட்டிருக்கிறது.

எங்கள் தெரு இருந்த இடம் இன்று நினைவுப் பூங்கா. அம்மாவும் இப்போது இல்லை. படிகளில் இலை கூட்டும் முறையில் எனக்கும் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பெரியோர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். துடைப்பத்தை நானே கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
மினாமிஹாமாவில் குடியிருந்த ஒருத்தி