வளமாவூர் கடற்பாசிப் பூங்காவில் மருந்துத்தரச் சுத்திகரிப்புக் கூடம் கேட்டுக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பாசி எடுக்கும் பெண்கள், பாசி வளர்ப்போர் மற்றும் அவர்கள் வீட்டுப் பட்டதாரிகள்,
பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கடற்பாசியை மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கும் பொதுக்கூடமும் பரிசோதனைக் கூடமும் அமைத்துத் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுக்கிறார்கள். அதுவும் சரி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மூங்கில் மிதவையில் சுமார் 45 நாளில் விளையும் கப்பாஃபைகஸ் எதுவானாலும் சரி, காய்ந்த சரக்காகக் கிலோ கணக்கில் கைமாறுகிறது. அதோடு எங்கள் பங்கு முடிந்துவிடுகிறது.

ஆனால் பாசியின் மதிப்பு அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் அகர் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கிறது. 1880களில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி இன்றுவரை கிருமி வளர்க்கும் தட்டுக்கு அகர்தான். கிருமி வளர்க்கும் 37 டிகிரி சூட்டிலும் அது உருகாது. மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இன்றும் அந்தத் தட்டுகள் வேண்டும். அகரை இன்னும் சுத்தமாக்கினால் அகரோஸ். ஆன்டிபாடி எனும் நோயெதிர்ப்புப் புரத மருந்துகளைப் பிரித்தெடுக்கும் குழாய்களில் நிரப்பும் நுண்மணிகளில் பல அகரோஸால் ஆனவை. கப்பாஃபைகஸ் தரும் காராஜீனன் சைவ கேப்சூல் கூடுகளுக்கும், கட்டக்கோரை தரும் ஆல்ஜினேட் புண்ணுக்குப் போடும் கட்டுகளுக்கும் பயன்படுகின்றன.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடலிலிருந்து இன்னும் அதிகமாகப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. எனவே ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வருமானத்தை உயர்த்துவது ஒன்றே எங்களுக்கு வழி. நாளைக்கே மண்டபத்தில் ஊசி மருந்து தயாரிக்கப் போவதாக நாங்கள் சொல்லவில்லை. கிருமிப் பரிசோதனைக்கான அகரில் தொடங்கலாம் என்கிறோம்.

மருந்து நிறுவனம் எங்களிடம் வாங்க வேண்டுமானால், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் ஜெல் உறுதி, சாம்பல், கன உலோகம், நுண்ணுயிர் அளவு பார்த்த சான்று வேண்டும். அப்புறம் ஆலையை வந்து பார்ப்பார்கள், மாதிரிச் சரக்கு கேட்பார்கள். இதற்கே வெகுகாலம் ஆகும். ஆனால் ஒருமுறை ஏற்றுக்கொண்டால் எளிதில் வேறு ஆளிடம் போக மாட்டார்கள், மாற்றினால் எல்லாச் சோதனையும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதால். ஆகவே எங்களுக்குத் தாங்கவேண்டிய காலம் தொடக்கம்தான். நாங்கள் அணுகிய வங்கியில் ஆர்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். வாங்குவோர் சான்றைக் கேட்கிறார்கள். கூடம் இல்லாமல் சான்று இல்லை, கடன் இல்லாமல் கூடம் இல்லை.

ஆகவே, 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட ரூ.127.71 கோடி மதிப்பிலான வளமாவூர் கடற்பாசிப் பூங்காவில், வாடகைக் கட்டணத்தில் யாரும் பயன்படுத்தக்கூடிய சுத்திகரிப்புக் கூடமும் பரிசோதனைக் கூடமும் வேண்டும். மண்டபத்திலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையும் தொழில்நுட்ப உதவி தருமாறு தாங்கள் கேட்டுத் தர வேண்டும். அகர் எடுக்க நல்ல தண்ணீர் நிறையச் செலவாகும், காரக் கழிவும் வரும். நம் மாவட்டத்தில் தண்ணீர் நிலைமை தங்களுக்குத் தெரியும். மறுசுழற்சி வசதி இல்லாமல் கூடம் கட்டினால் கடலையே கெடுத்துவிடுவோம்.

ஊர்களில் பாசி இப்போது மணலில் காய்கிறது. மணல் ஒட்டிய பாசியை யாரும் மருந்துத் தரத்தில் எடுக்க மாட்டார்கள். தரையிலிருந்து உயர்த்திய உலர்த்தும் மேடைகள் அமைத்துக் கொடுத்தால், செலவு குறைந்த இந்த ஒன்றிலேயே பெரிய மாற்றம் தெரியும்.

புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டக் கடனில் மாவட்டத் தொழில் மையமும் முன்னோடி வங்கியும் திருப்பிச் செலுத்தும் தவணையைத் தள்ளித் தொடங்க ஏற்பாடு செய்ய வேண்டும். உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பின் ரூ.50 லட்சம் வரையிலான தொடக்கநிலை உதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று தமிழில் ஒரு முகாம் மண்டபத்தில் நடத்த வேண்டும். எங்கள் பிள்ளைகள் உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வெளியூர்களில் வேலை தேடுகிறார்கள். கூடம் வந்தால் அதை நடத்தும் படிப்பு அவர்களிடம் இருக்கிறது.

அமையும் கூடத்தில் பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து தொடங்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு முதலிடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்